அசலைப் பார்த்தவன்

போன ஆண்டு ஓர் அதிகாரியின் முன் உட்கார்ந்து நான் ஒரு பொய் சொன்னேன். ஒரே முகவரியில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் என்னோடு வாழ்ந்த ஒருவரின் பெயர் அதனால் வாக்காளர் பட்டியலிலிருந்து போயிற்று. எனக்கு எழுபத்தெட்டு வயது. மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். மறதி நோய் எதுவும் எனக்குக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. நான் சொன்ன பொய், எனக்கு மறந்துவிட்டது என்பதுதான்.

நான் பிறந்தது கல்கத்தாவில், பவானிபூரில். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் சுருக்கெழுத்து வேலை கிடைத்து இங்கே வந்தவர். ஹவுராவில் இறங்கியபோது கையில் ஒரு படுக்கைச் சுருளும் டைப்ரைட்டிங் சர்ட்டிபிகேட்டும் இருந்தன. வாசலில் டிக்கெட் கேட்டார்கள். கொடுத்தார். வெளியே வந்துவிட்டார். இந்த மாநிலத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் இடையே நடந்த விசாரணை அவ்வளவுதான். பாஷை தெரியாது, மீன் சாப்பிட மாட்டார், குளிர்காலம் முழுக்கக் காதில் மப்ளர் கட்டிக்கொண்டு திரிவார். ஆனாலும் அவரை எவரும் நீ எதற்கு வந்தாய் என்று கேட்டதில்லை.

அவர் வாடகைக்கு எடுத்த வீட்டின் மேல்தளத்தில் நாங்கள் இருந்தோம். கீழ்த்தளத்துக்கு, நான் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு மருந்துக்கடை ஊழியர் புது மனைவியோடும் தாயாரோடும் குடிவந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இந்த ஊர் வழக்கப்படி அவர் எனக்குத் தாதா, அண்ணன். அவர் மனைவி எனக்குப் பௌதி, அண்ணி. ஊரிலிருந்து முதல் தடவை வந்த என் மைத்துனன், "என்ன அத்தான், தாதாங்கிய, ரவுடியா அவரு?" என்று கேட்டான். அதைத் தாதாவிடம் வங்காளத்தில் சொன்னபோது அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "சொல்லு, யாரைத் தூக்கணும்?" என்றார். ஒரு பூனையைக்கூட அதட்டத் தெரியாத மனிதர்.

அவர் பிறந்தது பரிசாலில், இப்போது வங்கதேசமாக இருக்கும் பக்கத்தில். பத்து வயதில் தாயாரோடு எல்லை தாண்டி வந்து, சியால்தா ஸ்டேஷனின் பிளாட்பாரத்தில் பல மாதம் கிடந்து, பிறகு அகதிகளின் காலனி ஒன்றில் வளர்ந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. அப்பா வழியில் யாரும் வந்து சேரவில்லை. இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை. மின்சாரம் போன மாலைகளில், கீழே வாசற்படியில் மண்பாண்டக் கோப்பையில் டீ குடித்துக்கொண்டு, துண்டு துண்டாகச் சொன்னது.

அந்தக் காலத்தில் கெஜட்டட் அதிகாரி என்றால் அக்கம்பக்கத்துக்கு ஒரு பயன் உண்டு. மார்க் ஷீட், சாதிச் சான்று, பிறந்த தேதிச் சான்று எதுவானாலும் நகலில் ஒருவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு மாடிப்படியில் நாலைந்து பேர் காத்திருப்பார்கள். சில அதிகாரிகள் பேசிக்கொண்டே கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போடுவார்கள். நான் அப்படிச் செய்யமாட்டேன். அசலைக் கொண்டுவா என்பேன். வரிவரியாக ஒத்துப் பார்ப்பேன். அதன் பிறகுதான் பச்சை மைப் பேனாவைத் திறப்பேன். இதில் எனக்குக் கர்வம் இருந்தது. "உங்க மேல்மாடிக்காரர் பகவானே வந்தாலும் அசல் கேப்பார்" என்று தெருவில் தாதாவிடம் கேலி செய்வார்களாம்.

ஒரு ஞாயிறு தாதாவே மேலே வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் ஒரு துணி முடிச்சு, முடிச்சுக்குள் அவர் தாயார் எல்லையில் வாங்கிய குடிபெயர்வுச் சீட்டு. மடிப்புகளில் கிழிந்து, நாலு துண்டாகப் போக இருந்தது. தெருமுனையில் டைப் அடித்து வந்த நகலும் இருந்தது. "இந்தக் காகிதம் என்னைவிட முந்திப் போயிடும் போலிருக்கு. ஒரு நகல் இருக்கட்டும்" என்றார். நான் அசலை வாசிக்க, அவர் நகலில் விரல் வைத்துத் தொடர்ந்தார். தாயார் பெயர். கணவர் பெயர், அதற்கு முன்னால் 'காலஞ்சென்ற'. உடன் வரும் மைனர் மகன் ஒருவன், வயது பத்து. சோதனைச் சாவடியின் ஊதா முத்திரை. கீழே தாயாரின் இடது கட்டைவிரல் ரேகை. அந்த ரேகையை நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்தக் கட்டைவிரலுக்குரிய அம்மாள் அப்போது கீழே அரிசி களைந்துகொண்டிருந்த சத்தம் கேட்டது. நகலில் கையெழுத்துப் போட்டேன். முத்திரை குத்தினேன்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு மழைக்காலத்தில் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ்த்தளம் மூழ்கியது. எல்லோரும் மேலே எங்களோடு மூன்று நாள் இருந்தார்கள். தண்ணீர் வடிந்து டின்னைத் திறந்தபோது உள்ளே கூழ்தான் இருந்தது. நகல் மட்டும் மருந்துக்கடை மேஜை இழுப்பறையில் இருந்ததால் பிழைத்தது.

பிறகு தாயார் இறந்தார். பழைய வீட்டை ஒரு ப்ரோமோட்டர் வாங்கி இடித்து அடுக்குமாடி கட்டினார். வாடகைக்காரர்களாக இருந்த எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஆளுக்கொரு ஃப்ளாட் கிடைத்தது. பக்கத்து ஃப்ளாட்டுகளுக்குக் குஜராத்தியர், மார்வாடிகள், பாட்னாக்காரர் ஒருவர், புது வங்காளிக் குடும்பங்கள் என்று வந்தார்கள். என் மகன் வெளிநாடு போனான். அவனுக்கு அங்கே குடியுரிமை கிடைத்த செய்தி வந்த அன்று, தாதா ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு மேலே வந்தார். "பாரு, உன் பையன் ஒரு பரீட்சை எழுதி, கையைத் தூக்கி ஒரு வாக்கியம் சொன்னான், அந்த நாட்டுக்காரனாயிட்டான். எங்கம்மா கட்டைவிரலை வச்சாங்க. பரவாயில்லை, சாப்பிடு" என்றார். நாங்கள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். அதில் என்ன இருந்தது என்று அன்று நான் யோசிக்கவில்லை.

எங்கள் கட்டடத்துத் துர்கா பூஜைக் கமிட்டிக்குப் பதினெட்டு ஆண்டுகள் நான் செக்ரட்டரியாக இருந்தேன். போலீஸ் அனுமதி, மின்சார இணைப்பு, பந்தல்காரரோடு பேச்சு, எல்லாம் நான். இரண்டாண்டுக்கு முன் தலைவர் பதவி காலியாயிற்று. என்னைத்தான் போடுவார்கள் என்று நினைத்தேன். ஆசைப்பட்டேன் என்று எழுதுவதுதான் சரி. கூட்டம் தொடங்கும் முன்பு மூன்றாம் மாடி இளைஞன் ஒருவன் தாதாவைச் சீண்டினான்.

"ஜேட்டு, நீங்க அந்தப் பக்கத்து ஆளாச்சே. சொந்தக்காரங்ககிட்ட சொல்லி நல்ல இலிஷ் மீன் வரவழைக்கக் கூடாதா? இல்ல, நீங்க போனா திரும்ப விடமாட்டாங்களோ?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா என்ற முறையில் கூப்பிட்டுத்தான் அவன் அப்படிக் கேட்டான். தாதாவும் சிரித்தார். ஐந்து நிமிடம் கழித்து என் பெயரை யாரோ முன்மொழிந்தார்கள். எல்லோரும் தாதாவைப் பார்த்தார்கள், அவர்தான் வயதில் மூத்தவர்.

"இவர் உழைப்பாளி, அதுல சந்தேகமில்லை" என்றார் தாதா. என்னைப் பார்க்கவில்லை. "ஆனா என்ன இருந்தாலும் பாயிரேர் லோக். வெளியாள். அம்மாவோட பூஜைக்குத் தலைமைன்னா ரத்தத்திலயே அது இருக்கணும்."

பாயிரேர் லோக். எழுபத்தாறு ஆண்டுகள் இந்தத் தெருவில் குடியிருந்தவனுக்கு, பரிசாலிலிருந்து வந்தவர் சொன்னது. நான் மினிட்ஸ் புத்தகத்தை மூடி மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அடுத்த நாள் ராஜினாமா கொடுத்தேன். வாசற்படி டீ நின்றது. லிஃப்டில் எதிர்ப்பட்டால் நான் கைபேசியைப் பார்ப்பேன். பௌதி இரண்டு முறை என் மனைவியிடம், "அவர் மனசில ஒண்ணுமில்லம்மா, வாய் தவறிடுச்சு" என்று சொல்லியனுப்பினார். தாதா நேராக வந்து ஒரு சொல் சொல்லவில்லை. அதற்காகவே நான் காத்திருந்தேன்.

அந்த நிலைமையில்தான் வாக்காளர் பட்டியலைப் புதிதாகச் சரிபார்க்கத் தொடங்கினார்கள். பழைய பட்டியல் ஒன்றில் நம் பெயரோ பெற்றோர் பெயரோ இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆவணம் காட்ட வேண்டும். என் பெயர் இருந்தது. போதாததற்குப் பென்ஷன் உத்தரவும் இருந்தது. படிவத்தை நிரப்ப எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. பௌதி இந்தப் பக்கத்தில் பிறந்தவர், அவருக்கும் சிக்கல் இல்லை. தாதா பெயர் இல்லை. அந்தப் பழைய பட்டியல் தயாரான சமயம் கடைமுதலாளியின் புதுக் கிளையைப் பார்த்துக்கொள்ள சிலிகுரியில் மூன்று ஆண்டு இருந்தார். இங்கே நீக்கிவிட்டார்கள், அங்கே சேர்க்கவில்லை. தாயார் அதற்கு வெகு காலம் முன்பே போய்விட்டார். விசாரணைக்கு வரச் சொல்லி அவருக்கு நோட்டீஸ் வந்தது.

ஒரு மாலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் தாதா, பிளாஸ்டிக் உறைக்குள் அந்த நகலோடு.

"மொஷாய்" என்றார், 'ஐயா' என்று எப்போதும் என்னைக் கேலியாகக் கூப்பிடுவதுபோல. "உன் கையெழுத்து. ஆனா நகலுக்கு அசல் எங்கேன்னு கேப்பாங்களாம். நீ வந்து, நான் பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. "என்னைக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"வியாழக்கிழமை. நீ வருவேல்ல?"

"வரேன்."

அவர் ஒரு நிமிடம் நின்றார். அன்றைய கூட்டத்தைப் பற்றி ஏதோ சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். "பதினோரு மணிக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கதவைச் சாத்தும்போது, காரியத்துக்கு மட்டும் நான் உள்ளூர்க்காரன் ஆகிவிட்டேன் என்று கசப்போடு நினைத்துக்கொண்டேன். ஆனால் பொய் சொல்ல அப்போது முடிவு செய்திருக்கவில்லை. அதை என் தரப்பு வாதமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

விசாரணை ஒரு பள்ளி வகுப்பறையில். குழந்தைகளின் பெஞ்சில் முதியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி ஓர் இளம்பெண், மரியாதையானவர். நான் ஓய்வு பெற்ற அதிகாரி என்று தெரிந்ததும் நாற்காலி போடச் சொன்னார். தாதா நின்றுகொண்டிருந்தார்.

"இது உங்க கையெழுத்துதானே, சார்?"

"ஆமாம்."

"அந்தக் காலத்து அட்டெஸ்டேஷன் எப்படின்னு எங்களுக்குத் தெரியும், நிறைய பேர் பார்க்காமலே போட்டிருப்பாங்க. அதனாலதான் கேக்கிறேன், தப்பா நினைக்காதீங்க. அசலைப் பார்த்தீங்களா?"

பக்கத்தில் தாதா நின்றார். அவர் சட்டையில் மருந்துக்கடை வாசம் இப்போதும் இருந்தது. அந்தக் கட்டைவிரல் ரேகை என் கண்ணுக்கு முன்னால் தெளிவாக வந்தது. கூடவே, ரத்தத்திலேயே அது இருக்கணும் என்ற குரலும்.

"கையெழுத்து என்னுடையது" என்றேன். "அசலைப் பார்த்தேனா என்பது நினைவில்லை."

அதிகாரி தாதாவைப் பார்த்தார். நானும் வேறு வழியில்லாமல் பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் அதிகாரியின் பக்கம் குனிந்து, "அவருக்கு வயசாயிடுச்சும்மா. நாற்பது வருஷம் முந்தின விஷயம். வற்புறுத்தாதீங்க" என்றார். என் பொய்க்கு அவரே சாட்சி சொன்னார்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம். வந்த முதல் ஆட்டோவில் என்னை ஏறச் சொல்லிவிட்டு அவர் நடந்து போனார்.

வீட்டில் என் மனைவி கேட்டாள். சொன்னேன். அவள் கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்தாள்.

"நெசமாவே நெனவில்லையா ஒங்களுக்கு?"

"எப்பவோ நடந்தது."

"அந்த டின்ன மேச மேல வச்சி ரெண்டு பேரும் வாசிச்சியளே. நாந்தானே காப்பி கொண்டாந்து வச்சேன். சீட்டு மேல சிந்திரும்னு தம்ளரத் தள்ளி வைக்கச் சொன்னிய. எனக்கே நெனவிருக்கு, ஒங்களுக்கு இல்லியா?"

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"அவாள் ஒரு வார்த்த சொன்னாவ, தப்புதான். அதுக்கு நீங்க அவாள இந்த ஊர்லயே இல்லாம ஆக்கிருவியளோ?"

அதன் பிறகு அவள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள்.

அன்று முதல் நான் யோசித்தது நிறைய. அந்த இளைஞனின் மீன் கேலிக்கும் தாதா சொன்னதற்கும் நடுவே இருந்த ஐந்து நிமிடத்தை எத்தனை முறை திருப்பிப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அவர் எண்பது வயதிலும் கரையில் ஏறி முடிக்கவில்லை. கூட்டத்தில் ஒருவன் அவரைப் பிடித்துத் தள்ளினான். அவர் விழாமலிருக்கப் பக்கத்திலிருந்த என்னைத் தள்ளினார். நான் பிடிப்புள்ளவன், விழமாட்டேன் என்றுகூட அவர் நினைத்திருக்கலாம். நான் அவருக்குச் செய்தது அப்படி ஐந்து நிமிடத்தில் வந்ததல்ல. பல மாதம் வளர்த்துவைத்த கோபம்.

எங்கள் கட்டடத்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் வந்தவர்கள்தான் இருக்கிறார்கள். சிலர் ராஜஸ்தானத்திலிருந்து வந்தார்கள், சிலர் பீகாரிலிருந்து, என் அப்பா தாமிரபரணிக் கரையிலிருந்து. பரிசால் இங்கிருந்து ஒரு நாள் பயணம். திருநெல்வேலி இரண்டு இரவும் அதற்கு மேலும். தூரத்திலிருந்து வந்த என் அப்பாவுக்குச் சீட்டு வேண்டியிருக்கவில்லை, பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மாளுக்கு வேண்டியிருந்தது. இடையில் யாரோ கோடு போட்டதைத் தவிர இரண்டு பேருக்கும் வேறு வித்தியாசம் இல்லை. ஒரு நாட்டின் குணம் அதன் பழமையில் இருக்கிறது என்று நான் மேடையில்கூடப் பேசியிருக்கிறேன். இப்போது எனக்குத் தோன்றுவது வேறு. வந்து சேர்ந்தவன் தனக்கு அடுத்து நிற்பவனை எப்படி நடத்துகிறான் என்பதில்தான் அது தெரிகிறது. அந்தச் சோதனையில் நானும் தாதாவும் ஒருவர் பின் ஒருவராகத் தோற்றோம்.

பட்டியல் வெளியானபோது அவர் பெயர் இல்லை. அன்றே கீழே போய்ப் பௌதியிடம், மேல்முறையீடு செய்யுங்கள், நான் வந்து உண்மையைச் சொல்கிறேன் என்றேன். அவர் கணவரைக் கேட்காமலே மகளை வைத்து மனு கொடுத்தார்.

இந்த முறை அதிகாரி வயதானவர். நான் எழுதிக் கொண்டுபோன வாக்குமூலத்தைக் கொடுத்தேன். அசலைப் பார்த்தேன், வரிவரியாக வாசித்தேன், முன்பு சொன்னது பொய், தனிப்பட்ட மனக்கசப்பால் சொன்னேன் என்று அதில் இருந்தது. அவர் இரண்டு முறை படித்தார்.

"முதல் தடவை நினைவில்லைன்னீங்க. இப்ப எல்லாம் நினைவிருக்குங்கிறீங்க. முத்திரையோட நிறம்கூட."

"ஆமாம்."

"நீங்க சர்வீஸ்ல இருந்தப்ப இப்படி ஒரு சாட்சி வந்தா, எதை ஏத்துக்கிட்டிருப்பீங்க?"

நானாக இருந்தால் இரண்டையுமே தள்ளியிருப்பேன். அவரும் அதைத்தான் செய்தார். சாட்சியின் கூற்றுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால் நகலை ஏற்பதற்கில்லை என்று உத்தரவு வந்தது. நல்ல, ஒழுங்கான உத்தரவு. நானே எழுதியிருக்கக்கூடியது.

அவர்கள் மகள் நகரத்தின் மறுகோடியில், நியூ டவுனில் இருக்கிறாள். இருவரையும் அங்கே கூட்டிப்போக முடிவு செய்தாள். புறப்படும் அன்று நான் கீழே போனேன். ஹாலில் அட்டைப்பெட்டிகள் கிடந்தன. தாதா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"தாதா, மன்னிக்கணும்."

"உக்காரு" என்றார். நாற்காலி இல்லை, இன்னொரு பெட்டியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் செருப்பு வாரோடு சிரமப்பட்டார். நான் குனிந்து மாட்டிவிடப் போனேன். காலை இழுத்துக்கொண்டார்.

"நான் உன்னை வெளியாள்னு சொன்னேன். அன்னிக்கு ராத்திரியே உன் பௌதி என்னைச் சாப்பிட விடலை. காலையில மேல வந்து உன்கிட்ட சொல்லணும்னு நினைச்சேன். வெட்கமா இருந்தது. இதெல்லாம் தானா சரியாயிடும்னு விட்டுட்டேன்."

"நான் பண்ணினது அதைவிட..."

"ஆமா, பெரிசுதான்" என்றார், சாதாரணமாக. "நான் சொன்னதை யாரும் காகிதத்துல எழுதலை, மொஷாய். நீ சொன்னதை எழுதிட்டாங்க."

கீழே கார் வந்துவிட்டதாக மகள் குரல் கொடுத்தாள். அவர் எழுந்தார். வழக்கமாகப் பிரியும்போது இங்கே யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை, வருகிறேன் என்பார்கள். அவர் எதுவும் சொல்லவில்லை. பௌதி மட்டும் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இன்னும் ஒரு மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. பழைய காலனியில் அவர் தாயாரோடு இருந்த ஒரு கிழவரைத் தேடிப் பிடித்திருக்கிறேன், அவர் சாட்சி சொல்லச் சம்மதித்திருக்கிறார். என் சாட்சியைச் சேர்க்காமல் மனுவை எழுதி முடித்துவிட்டேன். இந்த முறை மனுதாரரே கையெழுத்துப் போட வேண்டும். மூன்று முறை நியூ டவுன் போய்வந்தேன். பௌதி டீ கொடுக்கிறார். தாதா மனுவை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படிக்கிறார், தப்பு ஒன்றும் இல்லை என்கிறார், மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். எண்பது வயதில் இன்னொரு தடவை எவன் முன்னாலும் போய் நின்று நான் யார் என்று சொல்லமாட்டேன் என்கிறார். கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நாளைக்கு மறுபடி போகிறேன்.